நாள் பூரா எங்கேஜ்

எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த கதையை யாராவது கேட்டால் என் அம்மா இன்றைக்கும் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுவார். அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஒரு கறுப்பு டப்பாவை டெலிபோன் லைனில் மாட்டுவதற்கு நான் பட்ட பாட்டை விட, மாட்டிய பிறகு பட்ட பாடுதான் அதிகம்.

சோமனூரில் எங்களுக்குப் பதினாறு தறி. வீட்டுக்குப் பின்னால் தறி குடோன். வாரத்தில் ஆறு நாள் தடதடவென்று ஓடும் சத்தத்தில் வளர்ந்ததால் எங்கள் வீட்டில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. அப்பா ரகசியம் சொன்னால் எதிர்வீட்டில் பதில் சொல்வார்கள். நான் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் இருந்தவர்களுக்கு அடுத்து என்ன என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

கம்ப்யூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அடுத்த வீதித் தறிக்காரர் ஒன்று வாங்கிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அப்பா வாங்கியது. ஹாலில், சாமி படங்களுக்கு நேர் எதிரே, எங்கள் தறியிலேயே நெய்த காடாத் துணியைப் போர்த்திக்கொண்டு அது இருக்கும். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அப்பா துணியை விலக்கிக் காட்டுவார். போனதும் மறுபடி மூடிவிடுவார். நான் அதில் செய்த ஒரே உருப்படியான வேலை, அப்பாவின் பெயரை நாலு விதமான எழுத்தில் லெட்டர் பேடாக அடித்துக் கொடுத்தது. மற்ற நேரமெல்லாம் சீட்டு விளையாடினேன்.

கூடப் படித்த தோழி கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள். அவள் போடும் மெயிலைப் படிக்க நான் பஸ் ஏறி காந்திபுரம் போக வேண்டும். அங்கே ஒரு மாடியில் பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்து, 'இங்கே சுண்ணாம்பு தீற்றாதே' என்று எழுதிய சுவரைப் பார்த்துக்கொண்டே, பக்கம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். சில மெயில் வெறும் இரண்டு வரி இருக்கும். 'எப்படி இருக்கே? நான் நல்லா இருக்கேன்.' இதைப் படிக்க அரை நாள்.

அதனால் அப்பாவிடம் ஒரு பொய் சொன்னேன்.

"ஊட்டுலயே இன்டர்நெட் போட்டுக்கிட்டா வெளிநாட்டுப் பார்ட்டி நேரடியா நம்மகிட்டயே துணி கேப்பாங்கப்பா."

"எந்த நாட்டுக்காரன்?"

வாயில் வந்த நாட்டைச் சொன்னேன். "ஜெர்மனி."

அப்பா அடுத்துக் கேட்டது இதுதான். "அடுத்த வீதிக்காரன் வாங்கிட்டானா?"

"இல்லீங்கப்பா."

அடுத்த வாரம் மோடம் வந்துவிட்டது.

கோயமுத்தூர்க் கடையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து மாட்டினார். உள்ளங்கை அகலத்தில் கறுப்பு டப்பா, முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். ஒரு துண்டுத் தாளில் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தார். மாட்டி முடித்துக் கனெக்ட் பட்டனை அழுத்தினால், டயல் டோன் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்தது. அவர் போனை எடுத்துக் காதில் வைத்தார். அப்பாவிடம் கொடுத்தார். அப்பா என்னிடம் கொடுத்தார். மூவருக்கும் ரீங்காரம் ஜோராகக் கேட்டது. கம்ப்யூட்டருக்கு மட்டும் கேட்கவில்லை.

"லைன் ப்ராப்ளமுங்க" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், டீ குடித்தார். "லைன் ஜம்முன்னு இருக்குதுங்க. அந்த டப்பாதான் கோளாறு."

கடைக்காரருக்குப் போன் செய்தால் லைன் என்கிறார். லைன்மேனைப் பிடித்தால் டப்பா என்கிறார். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆனைமலைக்குப் போயி மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசோணும். யாரு பொய் சொல்றாங்கன்னு அம்மனே பாத்துக்கட்டும்" என்றார். பொய்யைத் தொடங்கி வைத்தது நான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் அவிநாசிப் பக்கம் ஒரு கெடாவெட்டுக்குப் போனார்கள். எனக்குக் கறி பிடிக்காது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டேன். புறப்படும்போது அம்மா வாசலில் நின்று, சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பொள்ளாச்சியில இருந்து போன் வரும் அம்மணி. வந்தாப் பதவிசாப் பேசி, பொழுதோட நாங்களே கூப்புடறோம்னு சொல்லிப்போடு."

"யாரும்மா?"

"வேண்டப்பட்டவிய."

முகத்தைப் பார்க்காமல் சொன்னதிலேயே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். புரிந்துதான் இருந்தது. தரகர் ஒருவர் இரண்டு மூன்று முறை வந்து போனதை நான் பார்த்திருந்தேன். ஆனால் அவர்கள் தெரு முனை தாண்டிய நிமிடம் நான் மோடத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பொள்ளாச்சி அப்படியே மறந்துபோய்விட்டது. வேண்டுமென்றே மறந்தாயா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அவ்வளவு சாமர்த்தியம் எனக்கு அப்போது கிடையாது.

டப்பாவோடு ஒரு புத்தகம் வந்திருந்தது. யாரும் படிக்கக்கூடாது என்பதற்காகவே எழுதியது போன்ற ஆங்கிலம். அதில் ஒரு மூலையில் விடை கிடைத்தது. மோடம் வேறு ஏதோ தேசத்து டயல் டோனுக்குப் பழகியது. எங்கள் எக்ஸ்சேஞ்சின் ரீங்காரம் அதற்கு டோனாகவே படவில்லை. 'டயல் டோனுக்குக் காத்திரு' என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டேன். இப்போது மோடம் காத்திருக்காமல் டயல் செய்தது. பீப் பீப் பீப் என்று ஏழெட்டுச் சத்தம். பிறகு நிசப்தம். எங்கள் பழைய எக்ஸ்சேஞ்சுக்கு பீப் புரியாது, கடகடவென்று சுழற்றினால்தான் புரியும். அதற்கும், பல்ஸ் என்ற பெயரில், ஒரு டிக் இருந்தது. மாற்றினேன். கடகடவென்றது. அந்தப் பக்கம் எங்கேஜ்.

கோயமுத்தூரே ஞாயிற்றுக்கிழமை இன்டர்நெட்டில் உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது. விடாமல் திரும்பத் திரும்பக் கூப்பிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு நான் தலைக்குக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தபோதும் அது கூப்பிட்டுக்கொண்டேயிருந்தது. இட்லி தின்று முடித்தபோதும் கூப்பிட்டது. பத்தரை மணிக்கு மேல் லைன் கிடைத்து அந்தக் கீச்சுச் சத்தம் முதன்முதலாக வீட்டுக்குள் கேட்டபோது, ஏதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்து நான் இரண்டடி தள்ளிப் போய் நின்றேன். சத்தம் அடங்கியது. பாஸ்வேர்டு தவறு என்றது.

மறுபடி. மறுபடி தவறு. தாளில் இருந்ததை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடித்தேன். தவறு. பாஸ்வேர்டு அடித்தால் திரையில் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம்தானே வரும். நாலாவது முறைதான் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தேன். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு கீயாக அழுத்தினால் 'ஈ' மட்டும் ஒரு அழுத்துக்கு மூன்றாக விழுந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு அப்பா கீபோர்டுக்குத் தாராளமாகக் குங்குமம் வைத்திருந்தார். அது அந்தக் கீயின் அடியில் போய் இறுகியிருந்தது. கீபோர்டைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்துப் பிடித்து முதுகில் நாலு அறை விட்டேன். சிவப்பாகக் கொட்டியது. எதிர்வீட்டுப் பாட்டியம்மா எட்டிப் பார்த்து, "என்ன அம்மணி, யார அடிக்கற?" என்றார்.

பதினொன்றரைக்குக் கனெக்ட் ஆனது.

அதன் பிறகு நாலரை மணி வரை நான் அந்த நாற்காலியை விட்டு அதிகம் எழவில்லை. கிடைத்த லைனை விட்டால் மறுபடி கிடைக்காது என்ற பயம். தோழியின் பதினோரு மெயிலையும் படித்தேன், பதினொன்றுக்கும் பதில் போட்டேன். பென்குயின் படம் ஒன்றைத் திறந்துவிட்டு, அது முழுசாக வருவதற்குள் தயிர்சாதம் பிசைந்து தின்று தட்டையும் கழுவி வைத்தேன். ஜெர்மனியைத் தேட வேண்டும் என்று தோன்றவேயில்லை.

நாலரைக்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. தரகர். தோளில் ஜாதகப் பை, முகமெல்லாம் வியர்வை. அதே நேரம் பஸ்ஸில் இறங்கி நடந்து வந்த அப்பாவும் அம்மாவும் தெருவில் தெரிந்தார்கள். நான் அவசரமாக லைனைத் துண்டித்தேன். அது எவ்வளவு தப்பான தோற்றத்தைக் கொடுத்தது என்று பிற்பாடுதான் உறைத்தது. தரகர் உள்ளே வரும்போது நான் போன் பக்கத்திலிருந்து விலகிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, உங்க ஊட்டு போனுக்கு என்னாச்சுங்க?" என்று தரகர் அப்பாவைப் பார்த்துக் கேட்டார். "பொள்ளாச்சிக்காரவிய காலையில ஒம்போது மணியில இருந்து கூப்புடறாங்க. நாள் பூரா எங்கேஜுங்க. எனக்குப் போன் போட்டுக் கேக்கறாங்க, ஊட்டுல பொண்ணு மட்டும்தான இருக்குது, அப்படி யாருகூடப் பேசுதுன்னு."

ஹாலில் யாரும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது அபூர்வம்.

அம்மா என்னைப் பார்த்தார். "யாருகூட அம்மணி பேசுன?"

"யாருகூடயும் இல்லம்மா. மோடம்."

"மோடமா?" அம்மாவின் குரல் கிறீச்சிட்டது. "அதென்ன கூட்டம்?"

எங்கள் பக்கத்தில் ஒரு ஆணின் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி அதுதான். எந்தக் கூட்டம், எந்தக் குலம் என்று. கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு அது டப்பாவின் பெயர் என்று ஞாபகம் வந்தது. ஆனால் தரகருக்கு வரவில்லை. அவர் பையிலிருந்து பேனாவையே எடுத்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போனிடம் போனார். ரிசீவரை எடுத்தார். ரீடயல் பட்டனை அழுத்தினார்.

மோடம் டயல் செய்தது மோடத்தின் வழியாக. போனுக்கு அது தெரியாது. போனிலிருந்து கடைசியாகப் போன நம்பர்தான் போகும். அப்பா விறைப்பாக நின்று காத்திருந்தார். எதிர்முனையில் ஒரு ஆண் குரல் எடுத்தது. அப்பாவின் தாடை இறுகியது.

"யாருடா நீ?"

எதிர்முனை ஏதோ சொன்னது. அப்பாவின் முகம் மெல்ல மாறியது. "ஓ... ஏனுங்க, நீங்களா... இல்லீங்க, சும்மா... பாவு நூல் விஷயமா நாளைக்குப் பேசறேனுங்க." வைத்துவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவரே கூப்பிட்ட நூல் வியாபாரி.

தரகர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை இப்போது எழுதும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அம்மாவாவது கேட்டார். இருபத்திரண்டு வருஷம் வளர்த்த பெண்ணிடம் கேட்பதை விட ரீடயல் பட்டனிடம் கேட்பது நம்பகம் என்று அப்பாவுக்குத் தோன்றியதே, அது நெஞ்சில் குத்தியது. நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கதவைச் சாத்தினாலும் எங்கள் வீட்டில் எல்லாம் கேட்கும். அப்பா பொள்ளாச்சிக்குப் போன் போட்டுப் பேசினார்.

"பொண்ணு யாருகூடயும் பேசலைங்க. கம்ப்யூட்டர்தான் பேசிச்சுங்க." இடைவெளி. "அது கோயமுத்தூர்ல இன்னொரு கம்ப்யூட்டர்கூடப் பேசுமுங்க." இன்னும் நீளமான இடைவெளி. "எனக்கும் அது என்ன பேசும்னு தெரியாதுங்க. கத்துமுங்க. ஆமாங்க, கத்தும்."

கடைசியில், புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக அவர்கள் சொல்லிவிட்டார்கள். பெண்ணையா மோடத்தையா என்று அப்பா கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. அம்மாவிடம் மட்டும் சொன்னேன்: "காப்பித் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். மோடத்தக் காட்டச் சொன்னாக் காட்டறேன்." அம்மா வழக்கமாக இதற்கு ஒரு மணி நேரம் பேசுவார். அன்றைக்கு, "சரி, அந்தப் பச்சைச் சேலையையாச்சும் கட்டிக்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல், நிலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"கண்ணு, அது கத்தறது எல்லாருக்கும் நல்லாக் கேக்கோணும். சத்தத்த ஜாஸ்தி பண்ண முடியுமா?"

"முடியுமுங்கப்பா."

"ஜாஸ்தியே வெச்சுரு."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவர் தறி குடோனில் மெயினை ஆஃப் செய்தார். வேலை நாளில், பவர் இருக்கும்போது, பதினாறு தறியும் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தறி ஓட்டுகிறவர்கள் என்ன ஏதென்று கேட்டு, விஷயம் தெரிந்ததும் ஹால் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றுகொண்டார்கள்.

பொள்ளாச்சியிலிருந்து நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, ஒரு அத்தை, மாப்பிள்ளை. தென்னந்தோப்பும் கொப்பரை வியாபாரமும் அவர்களுக்கு. மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் குள்ளமான மனிதர், மீசையில் பாதி வெள்ளை, சொந்தக் காரியம் போல எல்லாவற்றையும் கூர்ந்து பார்ப்பார். அத்தைதான் அந்த வீட்டில் பேசும் பொறுப்பில் இருப்பவர் என்று உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை, என் அம்மா வெல்லம் போட்டுச் சுட்டு வைத்த கச்சாயத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, அந்தக் கம்ப்யூட்டர் பேசறதக் காட்டு அம்மணி" என்றார் அத்தை.

நான் உட்கார்ந்தேன். துணியை அப்பாவே விலக்கினார். டயல் செய்தேன். கடகட. நல்ல வேளை, லைன் கிடைத்தது. சத்தத்தை முழுசாக வைத்திருந்தேன். முதலில் ஒரு நீண்ட ஊளை, பிறகு கரகரப்பு, பிறகு இரும்பை அரத்தில் தேய்ப்பது போல ஒரு கீச்சு. மாப்பிள்ளையின் அம்மா காதைப் பொத்தினார். ஜன்னலில் நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"நாயி மேல வண்டி ஏத்துனாப்பல கத்துது" என்றார் அத்தை. "இதுகூட நாள் பூராப் பேசுனயா?"

"இதுகூடத்தானுங்க."

மாப்பிள்ளையின் அப்பா தலையை ஆட்டினார். "செரி. இதுகூட மனுசன் பேச முடியாதுங்க. சந்தேகம் தீந்துது." அத்தோடு விட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு ஆர்வம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "தேங்கா வெளிநாட்டுல என்ன வெலை போகுதுன்னு இதுல தெரியுமா கண்ணு?"

தெரியும் என்றேன். தெரியுமா என்று எனக்கே தெரியாது. தேங்காய் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினேன். வந்த பட்டியலில் முதலில் இருந்ததை அழுத்தினேன். ஒரு படம் வரத் தொடங்கியது, மேலிருந்து கீழாக, ஒரு நூல் கனத்துக்கு ஒரு வரியாக.

முதலில் வானம். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். பிறகு தென்னை ஓலை.

"நெட்டை மரமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "ஓலை வெளுத்துக் கெடக்குது. ஒரம் பத்தல." குலை வந்தது. "காய் சிறுத்துருக்குது. இத வெச்சுட்டா அவிய வெலை சொல்றாங்க?"

என் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னல்காரர்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

குலைக்குக் கீழே மஞ்சளாக ஏதோ வந்தது. பழுத்த ஓலை என்று நினைத்தோம். முடி. பிறகு ஒரு நெற்றி, இரண்டு கண், நிறையப் பல். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி மரத்தில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு கழுத்து. பிறகு தோள். தோளில் துணி எதுவும் இல்லை. அடுத்த வரி வந்தது. இன்னும் தோள்தான்.

நான் நிறுத்தும் பட்டனைத் தேடினேன். மௌஸ் அசையவில்லை. கம்ப்யூட்டர் முழுக் கவனத்தையும் படத்தின் மேல் வைத்திருந்தது, அறையில் இருந்த எல்லோரையும் போலவே. அப்பா சட்டென்று மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

"என்ன, தோள் முடியவே மாட்டேங்குது?" என்றார் அத்தை.

அடுத்த வரி. அதற்கடுத்த வரி.

திடீரென்று மோடத்தின் விளக்குகள் அணைந்தன. லைன் கட். படம் கழுத்துக்கு நாலு விரல் கீழே அப்படியே நின்றுவிட்டது. நான் சுற்றிப் பார்த்தேன். அம்மா அறையில் இல்லை. தறி குடோனில் இதே லைனில் இன்னொரு போன் இருக்கிறது, அதன் ரிசீவரை எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். இதை முந்தின நாள்தான், தயவுசெய்து அதைத் தொடவே தொடாதே என்று, அம்மாவுக்கு நான் விளக்கிச் சொல்லியிருந்தேன். ஒரு நிமிடம் கழித்து அம்மா பின்கட்டு வழியாக மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"கை பட்டுருச்சுங்க" என்றார் பொதுவாக.

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியில் சாய்ந்து, நிஜமான வருத்தத்தோடு சொன்னார். "வெலை தெரியறதுக்குள்ள கட்டாயிப் போச்சே."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். வாயில் கச்சாயம் இருந்தது. புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்து, அத்தை முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. தட்டத் தட்ட இன்னும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. அவரிடம் நான் பேசியது ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன், வாங்கிக் குடித்தார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

என்னை யாரும் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துத் தரகர் வந்தார். "பொண்ணு தங்கம்ங்கறாங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தாலே முடிவு தெரிந்துவிடும். "ஆனா வெவரம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதாமுங்க. தோப்பு தொரவுன்னு இருக்கற ஊட்டுக்கு ஒத்து வருமான்னு யோசிக்கறாங்க."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா எழுந்து நின்றார். "வெவரம் ஜாஸ்தின்னா அது எங்க ஊட்டுச் சொத்துங்க. வேண்டாம்னா உட்டுருங்க" என்றார், குடோன் வரை கேட்கும்படி. பிறகு என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "அன்னைக்கு நான் போன எடுத்து அமுக்குனது தப்பு அம்மணி" என்றார். அவர் இறக்கிய குரல் எதிர்வீட்டுக்கும் கேட்டிருக்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தச் சம்பந்தம் போனதில் நான் நினைத்ததை விடக் கூடுதலாக வருத்தப்பட்டேன், இரண்டு மூன்று நாள்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு முற்பகலில் வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா தனியாக இறங்கினார். கையில் ஒரு குலை இளநீர்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்றார். பொள்ளாச்சியிலிருந்து சோமனூருக்குச் சும்மா யாரும் வருவதில்லை. காப்பி குடித்து, நூல் விலை, மழை எல்லாம் பேசி முடித்த பிறகு, கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தார். "அந்தத் தேங்கா வெலைய இன்னொருக்காப் பாக்கலாமுங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா குடோன் பக்கம் பார்த்தார்.

அதற்குள் நான் தேறியிருந்தேன். படங்களே வராமல், எழுத்து மட்டும் வரும்படி வைக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். இரண்டு தேசத்துச் சந்தை விலை கிடைத்தது. அவர் அதை ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்னால் எழுதிக்கொண்டு, எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தார். பிறகு வழக்கமாகிவிட்டது. அவரும் அப்பாவும் ஹாலில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்கள். கல்யாணப் பேச்சை இருவருமே எடுக்க மாட்டார்கள். அவருடைய மகனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நடந்தபோது பத்திரிகையை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அப்பா மட்டும் போய் மொய் எழுதிவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் அவர் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். மோடம் மாட்டினார்கள், டயல் டோன் இல்லை என்கிறது, கடைக்காரர் லைன் என்கிறார், லைன்மேன் டப்பா என்கிறார் என்று அப்பாவுக்குப் போன். "அம்மணி ஒருக்கா வந்து பாத்தாத் தேவலைங்க."

போக மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. அப்பாவும் நானும் பஸ்ஸில் பொள்ளாச்சி போய், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அவர்கள் ஊருக்குப் போனோம். பெரிய வீடு. முற்றமெல்லாம் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தது மருமகள். என் வயதுதான் இருக்கும். கையில் மோடத்தின் புத்தகம்.

"வாங்க. நீங்கதானுங்களா அது? நான் டயல் டோன் டிக்க எடுத்துட்டேனுங்க. அப்பவும் போக மாட்டேங்குது. பல்ஸா மாத்தோணுமா?"

என்ன படித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டேன். அவள் எம்.எஸ்ஸி. கணக்கு. என்னை விட இரண்டு வருஷம் அதிகமாகப் படித்தவள். பல்ஸாக மாற்றியது அவள்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கனெக்ட் ஆகக் காத்திருந்தபோது அவளே மெதுவாகச் சொன்னாள். "உங்க ஊட்டுக்கு வந்துட்டுப் போனதுல இருந்து இவரு, நல்லாப் படிச்ச, கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாராமுங்க. இவரோட அத்தைதான் ஆறு மாசம் தேடி என்னப் புடிச்சாங்க."

"அப்பறம் எதுக்குங்க என்னைய வேண்டாம்னாங்க? வெவரம் ஜாஸ்தின்னு சொன்னாங்களே?"

அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "அது சும்மாங்க. அத்தைக்கு அந்தப் படம் புடிக்கல. அந்தத் தோளு."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மோடம் கத்த ஆரம்பித்தது. உள்ளேயிருந்து அத்தையின் குரல், "ஆரம்பிச்சாச்சா!" என்றது. அவள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தார், நான் பார்க்கவில்லை. அது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். முழுக்க நல்லது என்று சொல்ல மாட்டேன்.

சாப்பிடாமல் விடவில்லை. கிளம்பும்போது ஒரு சாக்குத் தேங்காயை பஸ் வரை தூக்கிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். மறுநாளே அவளிடமிருந்து ஒரு மெயில். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். மழை பெய்தால் லைன் கரகர என்கிறது, உங்கள் ஊரிலும் அப்படித்தானா, ஜாயின்ட் பெட்டியில் பாலிதீன் கட்டச் சொல்லலாமா என்று கேட்டிருந்தாள். கட்டச் சொல்லுங்கள் என்று பதில் போட்டேன். கீழே, கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம் என்று எழுதி, நான் அப்போது எழுதவிருந்த வங்கித் தேர்விலிருந்து மூன்று கேள்விகளை அடித்து அனுப்பினேன். மூன்றையும் போட்டு, ஒவ்வொரு படியும் விளக்கி, மத்தியானத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டாள்.